நண்பனுக்கு: எது முதலில்?

மன்னார்குடி,
நவம்பர் 24.

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே சம்பா தூர் கட்டி நிற்கிறது; மழையும் இதுவரை அளவோடுதான் பெய்கிறது.

அலுவலகத்தில் ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் உன் தலையில் விழுந்திருப்பதாகவும், ஐந்துமே அவசரம் என்று சொல்லப்படுவதாகவும் எழுதியிருந்தாய். எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒவ்வொரு நவம்பரும் அப்படித்தான் பிறக்கிறது. உர லாரி வாசலில் நிற்கும். நகைக்கடன் புதுப்பிக்க வந்தவர்கள் மதிப்பீட்டாளருக்காகக் காத்திருப்பார்கள். பயிர்க்கடன் மனுக்கள் மேசையில் குவிந்திருக்கும். இவற்றுக்கு நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக 15ஆம் தேதிதான் கடைசி நாள். நீட்டிப்பு வரும் என்று நம்பியிருப்பவர்கள் எப்போதும் உண்டு, சில ஆண்டுகளில் வந்தும் இருக்கிறது. ஆனால் அதை நம்பி அடுத்தவர் வயலைப் பணயம் வைக்க முடியாது. விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் என்றாலும், தேதி தவறினால் வெள்ளத்தில் போன பயிருக்குக் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. ஆகவே மாதம் பிறந்ததிலிருந்து கடைசி நாள் வரை காப்பீடே முதல் வேலை என்று தீர்மானித்தோம். நகைக்கடன் 17ஆம் தேதிக்கு மேல் என்று வாசலிலேயே எழுதி ஒட்டினோம். பயிர்க் கணக்கான அடங்கலில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் நில உரிமையைக் காட்டும் சிட்டாவோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றும்போது, பக்கத்தில் ஒருவர் உர மூட்டைக்குக் கைரேகை வைக்க அழைத்தால், 2ஏ என்பது 2பி ஆகிவிடும். அது இழப்பீடு வரும் நாளில்தான் தெரியும்.

மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணையில் முறை வைத்துத் திறப்பது உனக்கு நினைவிருக்கும். இரண்டிலும் பாதிப் பாதி விட்டால் தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்கு எதுவும் எட்டாது. ஒன்றில் முழுதாக விட்டால்தான் அது கடைசி வாய்க்கால் வரை போகும். ஆனால் அந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்கு வேறொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அடைத்த ஆற்றுக்காரர்களுக்குத் தங்கள் முறை எந்தத் தேதியில் வரும் என்று தெரியும். தெரிந்தால் பொறுப்பார்கள், தெரியாவிட்டால் மதகுக்கே வந்துவிடுவார்கள்.

உன் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ ஐந்தையும் தொட்டுக்கொண்டே இருப்பதால் ஐந்து பேரிடமும் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டுமே சொல்ல முடிகிறது, அவர்களும் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்தில் தேதி தவறினால் பிறகு செய்தே பயனில்லாதது எது என்று பார்த்து அதை எடுத்துக்கொள். மற்ற நான்குக்கும் தேதி குறித்து எழுத்தில் கொடுத்துவிடு. உன் மேலாளர் முகம் சுளிக்கலாம். வரிசையை அவரையே மாற்றித் தரச் சொல். பெரும்பாலும் மாற்ற மாட்டார்.

அந்த ஒன்று எது என்று அடுத்த கடிதத்தில் எழுது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னதை மறந்துவிடாதே.

அன்புடன்,
கணேசன்