இரவில் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் தெருநாய்கள் ஈனும் குட்டிகளில் பல மார்கழி உறைபனியைத் தாண்டுவதில்லை. மனசு கேட்காமல் அவற்றை வீட்டுக்குத் தூக்கிப்போகிறவர்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்களில் பலர் குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் கேட் ஓரமாகச் சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். மலையில் அது பாதி உதவிதான். கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. சிறுத்தைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. காவலுக்கு வேண்டும் என்பார்கள். கதவுக்கு உள்ளே படுத்திருக்கும் நாயும் வெளியே சருகு அசைந்தால் குரைக்கத்தான் செய்யும்.

சாப்பாட்டுத் தட்டையும் உள்ளேயே வையுங்கள். மிச்சச் சோற்று வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும். நடக்கக் கூட்டிப்போவது நன்றாக விடிந்த பிறகு, இருட்டும் முன், கயிறு கையில் இருக்க. அவிழ்த்துவிட்ட நாய் காட்டுமாட்டைத் துரத்தும். அது திருப்பித் துரத்தினால் நாய் நேராக நம்மிடம்தான் ஓடிவரும், மாடும் பின்னாலேயே வரும்.

தாய் பக்கத்தில் இருந்தால் குட்டியை எடுக்க வேண்டாம். 8 வாரம் பால் குடிக்கட்டும். தாய் இல்லாமல் கண் திறக்காத குட்டி கிடைத்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்துபோன உடம்பில் குடல் ஓடாது. ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கி, மேலே வந்து நுரையீரலுக்குப் போய்விடும். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அட்டைப்பெட்டியில் பழைய கம்பளியை விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பால் கொடுக்கும்போது கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடிக்காதீர்கள், புரையேறும்; குப்புறப் படுக்க வைத்துத் தலையை லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பசும்பாலில் பேதியாகும், நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் நல்லது. குளிருக்கென்று மூடிய அறையில் கரி அடுப்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது; அதே அறையில் தூங்குகிறவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நாய்க்கடிக்கு மருத்துவம் பார்க்க 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்த ஊர் குன்னூர். இந்த மாவட்டத்தில் ஒரு வளர்ப்பு நாய்கூட ரேபிஸ் ஊசி போடாமல் இருக்கக்கூடாது. குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். வளர்ந்த நாயை எடுத்திருந்தால் உடனே போடுங்கள். காதில் வெட்டு இருந்தால் கருத்தடையும் ஒரு ஊசியும் முடிந்த நாய் என்று அர்த்தம். அந்த ஊசி ஆயுளுக்கும் தாங்காது. குட்டியின் பல் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை போட வேண்டும். ஒன்றோடு நிறுத்துவதால்தான் பல குட்டிகள் போகின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடலாம். டிஸ்டெம்பர் காட்டுச் செந்நாய்க்கும் தொற்றும் என்பதையும் யோசியுங்கள். பார்வோவில் குட்டி இறந்த வீட்டுத் தரையில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு அது சாகாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது அட்டை. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும் நாயின் மூக்குக்குள் நூல் மாதிரி ஏறி, உள்ளேயே இருந்து ரத்தம் குடித்துப் பருக்கும். ஓயாத தும்மல், ஒரு துவாரத்தில் மட்டும் ரத்தம் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாய் தண்ணீர்க் கிண்ணத்தில் குனியும்போது கருப்பாக ஒரு நுனி எட்டிப்பார்த்து, சட்டென்று உள்ளே போகும். நகத்தால் இழுக்காதீர்கள், அறுந்துபோகும். கால்நடை டாக்டர் எடுத்துவிடுவார். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஒரு நாளும் தள்ளக்கூடாது.

சாப்பாடு பெரிய செலவில்லை. 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சோறு 300 கிராம், வேகவைத்த கோழி 200 கிராம், கொஞ்சம் கேரட், இரண்டு வேளையாக. வெங்காயம் போட்ட குழம்பு கூடாது, வெந்த எலும்பும் கூடாது. டீயில் வர்க்கியை முக்கிப் போட்டுப் பழக்காதீர்கள். நம் ஊர் ஹோம்மேட் சாக்லேட் நாய்க்கு விஷம், கருப்புச் சாக்லேட் இன்னும் மோசம். பூனை வளர்ப்பவர்கள் பாராசிட்டமாலைப் பூட்டி வையுங்கள். பாதி மாத்திரையே அதன் உயிரை எடுத்துவிடும்.

தெருவில் அடிபட்டு வந்த நாய் முதல் நாட்களில் கட்டிலடியில்தான் கிடக்கும். இழுக்கக் கூடாது, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாலைக் கவட்டைக்குள் இடுக்கி, ஒரு கண்ணை நம்மேல் வைத்தபடி தின்ற அதே நாய், சில வாரத்தில் நமக்கு முதுகைக் காட்டித் தின்னும். அப்புறம் ஒரு நாள் நடுக்கூடத்தில் நாலு காலையும் தூக்கி மல்லாந்து தூங்கும். அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிள்ளைகள் கோவையிலும் பெங்களூருவிலும் இருக்க, மழைநாளில் பேச ஆளில்லாத பெரியவர்கள் வீட்டில் இப்படி ஒரு ஜீவன் இருந்தால் வீடே மாறிவிடுகிறது.

கால்நடைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இலை பறிக்கும் தொழிலாளிகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாயை பஸ்ஸில் ஏற்றி மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் லயன்களுக்கே (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கே) வந்து ரேபிஸ் ஊசி முகாம் நடத்துங்கள்; கருத்தடைக்கும் அங்கேயே பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி