கஜா புயல்ல பறந்த எங்க வீட்டுக் கூரை ஓட்டுக்காக ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டை பக்கத்து கிராமம் எங்களுது. போன வாரம் வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம் பணம் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு, 1,12,000 ரூபா. இது வந்ததுக்கு காரணமானவங்ககிட்ட ஒவ்வொருத்தர்கிட்டயா போய் சொன்னா யாரையாவது விட்டுடுவேன்னு பயம், அதான் எழுதறேன். பேரு போடல, படிச்சா அவங்களுக்கே தெரியும்.

2018 நவம்பர் 15 ராத்திரிய, விடிஞ்சா 16, இங்க யாரும் மறக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல, நானும் மாமியாரும் ரெண்டு பிள்ளைங்களும்தான். முன்கட்டு தளம் போட்டது, பின்கட்டு ஓடு, அதுக்கும் பின்னாடி ஷீட் போட்ட கொட்டகை. ஒரு பக்கமா அடிச்சிக்கிட்டு இருந்த காத்து திடீர்னு எதிர்ப்பக்கமா திரும்புச்சு பாருங்க, அதுவரைக்கும் தாங்குன ஓடெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி எழும்பிப் போச்சு, கொல்லையில நின்ன தென்னை ரெண்டு உத்திரத்து மேலயே சாஞ்சுடுச்சு. விடிஞ்சதும் முதல்ல கண்ணுல பட்டது அடுப்பாங்கரைக்கு மேல வானம்.

முதல் நன்றி எதிர்வீட்டு தம்பிக்கு, காலேஜ் படிக்கிற பையன். காலையில ஆளாளுக்கு அருவாளோட வந்து மரத்த வெட்ட ஆரம்பிச்சாங்க, நான்கூட ஓட்டுச்சில்ல கூட்டி அள்ளிக்கிட்டு இருந்தேன். இவன் ஓடியாந்து "அக்கா ஒரு பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க"ன்னான், எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, திட்டிட்டேன்கூட. 14 பர்சன்ட் சார்ஜ் இருந்த போன்ல மரம் கூரை மேல கிடக்கறத, ஓட்டத் தாங்கற மரச்சட்டம் ரீப்பர் முறிஞ்சு கிடந்தத, நனைஞ்ச சுவத்த, கீழ கிடந்த, ஷீட்ட இறுக்கற கொக்கி மாதிரி ஜே போல்ட்டக்கூட விடாம எடுத்தான். அந்த போட்டோ இல்லன்னா இன்னிக்கு இந்த மடலே இல்ல. திட்டுனதுக்கு மன்னிச்சுக்க தம்பி.

அடுத்து பேங்க்ல கேஷ் கவுன்டர்ல இருக்கற அம்மா. கைச்செலவுக்குப் பணம் எடுக்கப் போனவ நான், வீட்டு லோன் தவணைய கொஞ்சம் தள்ளிப்போட முடியுமான்னுதான் கேட்டேன். அவங்க ஸ்டேட்மென்ட்ட பாத்துட்டு "வருஷா வருஷம் பிரீமியம்னு ஒரு தொகை போகுதே, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா, இன்னிக்கே எழுதிக் குடுங்க"ன்னாங்க. நாலு வருஷமா கட்டிக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியாது. பாலிசி காகிதம்கூட எங்கிட்ட இல்ல, அவங்கதான் நம்பர் எடுத்துக் குடுத்தாங்க.

சேதத்த பாத்து கணக்கு போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயர் கதைய சுருக்கமா சொல்லிடறேன். 72 மணி நேரத்துல சர்வேயர போடணும்னு அப்ப விதி இருந்துச்சு, எங்களுக்கு வந்தது 19 நாள் கழிச்சு. வந்தவரு பழைய வீடு, தேய்மானத்தால விழுந்திருக்கும்ங்கற மாதிரி பேசிட்டுப் போனாரு. அப்பதான் கடைத்தெரு பெரியப்பா, இன்சூரன்ஸ் வேலையில இருந்து ரிடையர் ஆனவரு, திண்ணையில உக்காந்து பதில் எழுதிக் குடுத்தாரு. விஏஓ சான்று, பேப்பர் கட்டிங், தம்பி எடுத்த போட்டோவ பிரிண்ட் போட்டு, ஓடு வாங்குன பில்லு, ஆசாரி கூலி எழுதுன துண்டுச்சீட்டு வரைக்கும் வச்சு, 30 நாள்ல பதில் வரலன்னா சென்னையில இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்புட்ஸ்மேன் கிட்ட போவோம், அதுக்கு பைசா செலவில்லன்னு கடைசி வரியில ஒரு போடு போட்டாரு. அந்த வரிக்கு அப்புறம்தான் போனே வந்துச்சு எனக்கு.

கேட்டது 1,85,000. ஓட்டுக்கும் கூரை மரத்துக்கும் வயசாச்சுன்னு கழிச்சாங்க, நம்மளுது மார்க்கெட் வேல்யூ பாலிசியாம், புதுசா போடற செலவு முழுசா வேணும்னா ரீஇன்ஸ்டேட்மென்ட்னு எடுத்திருக்கணுமாம். டிவி, மிக்சி, நனைஞ்ச நெல்லு எதுக்கும் கிடையாது, கட்டடத்துக்கு மட்டும்தான். தென்னைக்கும் இல்ல. 22 வருஷம் காய்ச்ச மரம், அதுக்கு யாருகிட்ட போய் கிளெய்ம் போடறது.

ஆசாரிய மறந்தேன்னா சோறு இறங்காது. ஊரே ஆள் கிடைக்காம அலைஞ்ச நேரம், கூலி ரெட்டிப்பு கேட்டவங்களும் உண்டு, அவரு பழைய கூலியே வாங்குனாரு. ஆனா அவசரப்படுத்துனா மட்டும் கோவம் வந்துடும். காத்து மேல இருந்து அமுக்காதும்மா, கூரை ஓரத்து இறவாணத்துக்கு அடியில பூந்துதான் தூக்கும்னு சொல்லி ஓரத்து ரீப்பர் எல்லாத்தையும் சட்டத்தோட இழுத்துக் கட்டுனாரு, முகட்டு ஓட்டுக்கு கலவை வச்சு பூசுனாரு, கொட்டகை ஷீட்டுக்கு ஓரத்துல ஜே போல்ட்ட கூடுதலா போட்டாரு. முழுசா ஒன்பது நாள் ஆச்சு.

கேரளாவுல இருந்து வந்து போஸ்ட் நட்டுக் குடுத்த மின்வாரியத்து அண்ணன்களுக்கும் நன்றி, அவங்க பேசுனது பாதி புரியல, மாமியார் வச்ச மீன் குழம்பு அவங்களுக்கு நல்லா புரிஞ்சுது.

கடைசியா, மேலத்தெரு அத்தாச்சிக்கு. தார்ப்பாய் எங்கயும் கிடைக்காம, கிடைச்சாலும் கண்ட வெலைக்கு வித்த நேரத்துல, களத்துல நெல்லு மூடற தார்ப்பாய கேக்காமலே கொண்டாந்து போட்டீங்க. அதுக்கு அடியிலதான் நாங்க அம்பது நாள் சமைச்சோம். கழுவி காயவச்சு மடிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கொண்டாறேன். ஒரு மூலையில கிழிஞ்சிருக்கும், அது காத்துல கிழிஞ்சதில்ல, நான்தான் கல்ல இழுத்து வைக்கறேன்னு கிழிச்சுட்டேன் அத்தாச்சி.