திடலோரத்தில் நின்று கத்தும் அப்பாக்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பள்ளிகளுக்கான ஓட்டப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். 100 மீட்டரில் நான்காவதாக வந்த ஒரு பையனை, பதினோரு வயதுதான் இருக்கும், மூச்சு வாங்கக்கூட விடாமல் அவன் அப்பா தோளைப் பிடித்து உலுக்கி, "இதுக்கா உன்னை விடியற்காலை 5 மணிக்கு எழுப்பினேன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பையன் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

நானும் அப்படி ஓர் அப்பாவாக இருந்தவன்தான். என் மகனுக்கு 12 வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தது. "வாத்தியாரிடம் சொல்லாதே, பெயரை எடுத்துவிடுவார்" என்று தைலம் தேய்த்து ஓடவிட்டேன். படி இறங்க முடியாமல் போன பிறகுதான் கிளினிக்குக்குப் போனோம். வளரும் வயதில் தசைநார் எலும்போடு ஒட்டும் இடம் இன்னும் குருத்தாகவே இருக்கும், ஓடி ஓடி அதை இழுத்துக்கொண்டே இருந்தால் வீங்கி வலிக்கும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது வருவதுதான், ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த ஓய்வைத்தான் நான் கொடுக்கவில்லை. கால் சரியாகிவிட்டது. ஆனால் அப்புறம் அவன் ஓடவே இல்லை, நானும் கேட்கவில்லை.

பெற்றோரின் ஆசை புரிகிறது. நம்மில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டிய அம்மா அப்பாவிடம் வளர்ந்தவர்கள். பிள்ளை நன்றாக ஓடினால் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைக்காதா என்று மனசு அடித்துக்கொள்ளும். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற நம் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசனைச் சொல்லிச் சொல்லித்தான் நானும் விரட்டினேன். அவர் படித்து டாக்டரானவர் என்பதைச் சொன்னதில்லை, டியூஷனைக்கூட நிறுத்திவிட்டு வாரம் ஏழு நாளும் பயிற்சிக்கு அனுப்பினேன். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. மூன்று மாதத்தையும் சேர்ந்தாற்போல் விடவேண்டும் என்றுகூட இல்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக் கொடுத்தாலும் போதும்.

விளையாட்டு ஆசிரியர்களே, பந்தய நாளில் எங்களை ஓட்டப்பாதைக்குப் பக்கத்தில் விடாதீர்கள், கூடாரத்திலேயே உட்கார வையுங்கள். பிள்ளை கால் வலிக்கிறது என்றால், அப்பாவைக் கேட்காமல் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். சத்தம் போடுவோம், போட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பையனின் அப்பா இதைப் படித்தால்: ஐயா, அடுத்த சனிக்கிழமை அவனை எழுப்பாதீர்கள், தூங்கட்டும். எழுந்ததும் பசியாறக் கடைக்குக் கூட்டிப் போங்கள், ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல்.

ஒரு தந்தை,
சுங்கை சிப்புட், பேராக்