கான்டெசாவின் காற்றுக் கதவு

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் காபியே குடிக்கிறார். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். பதில் தாமதமானதற்கு இன்னொரு காரணம் நம் கான்டெசா கார்.

1996-இல் அப்பா வாங்கிவந்த அன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு பேரும் திட்டு வாங்கினோமே, அதே வண்டிதான். இசுசு 1.8 இஞ்சின் இன்றைக்கும் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. ஆனால் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2002-லேயே கான்டெசா தயாரிப்பை நிறுத்திவிட்டதால் சின்ன பிளாஸ்டிக் சாமான்தான் பெரிய பாடாக இருக்கிறது. புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதுவும் என்னுடையது உடைந்த அதே இடத்தில் உடைந்திருந்தது.

உடைந்தது வெளிக்காற்றை உள்ளே விடுகிற கதவின் கீல். டேஷ்போர்டுக்கு அடியில், காற்றை ஊதுகிற புளோயருக்கு முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் குட்டையாக ஒரு முனை நீட்டிக்கொண்டு பெட்டியின் ஓட்டையில் உட்கார்ந்து சுழலும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது புகை வருகிறதே என்று கதவை மூடுகிற லீவரைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன், டக்கென்று ஒரு சத்தம். அதிலிருந்து கதவு பாதி திறந்தபடியே தொங்கியது. காசிமேடு தாண்டினால் மீன் வாடை, மணலி பக்கம் போனால் எண்ணெய் வாடை, எல்லாம் நேராக முகத்தில். ஆபரேஷன் ஆன கண்ணோடு அம்மாவை இதில் எப்படிக் கூட்டிப்போவது?

முதலில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பசை போட்டுக் கொடுத்தார். நாலு நாள் நிற்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன், இது என்ன பிளாஸ்டிக் என்றே யாரும் பார்க்கவில்லையே என்று. நைனியப்ப நாயக்கன் தெருவில் அசிட்டோன் வாங்கிவந்து உடைந்த துண்டைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். ஏபிஎஸ் என்கிற வகை பிளாஸ்டிக்காக இருந்தால் பிசுபிசுவென்று இளகும், அதே பிளாஸ்டிக் துகளை அசிட்டோனில் கரைத்து அந்தக் கூழாலேயே ஒட்டிவிடலாம். இது அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீரில் போட்டேன், மிதந்தது. பாலிப்ரோப்பிலீன். இதில் எபாக்சி காய்ந்தபிறகும் நகத்தால் உரித்தாலே கையோடு வந்துவிடும், வேறு எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது. கம்பியால்தான் பிடிக்க வைக்க வேண்டும்.

உடைந்த முனைக்குப் பதிலாக வைக்கிற கம்பிக்கு சைக்கிள் ஸ்போக் எடுத்தேன், துருப்பிடிக்காத ஸ்டீல், 2 மில்லிமீட்டர். ஒரு முனையை அரத்தால் சொரசொரப்பாக்கி, கதவின் ஓரத்தில் 1.5 மில்லிமீட்டருக்குத் துளை போட்டு, ஸ்போக்கை அடுப்பில் காட்டி மெதுவாக உள்ளே தள்ளினேன். சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, அந்தச் சொரசொரப்பில் போய் உட்கார்ந்து, ஆறினபிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு விரல் ஆழம் இறக்கினேன், இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பெட்டியின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது. வண்ணாரப்பேட்டை லேத் பட்டறையில் கம்பி உள்ளே சுழல்வதற்கு வளையம் மாதிரி இரண்டு சின்ன பித்தளை புஷ் கடைந்து வாங்கி அதில் அடித்தேன். நல்லவேளை, இதெல்லாம் ஏசி பைப்பைத் தொடாமல் புளோயரை மட்டும் இறக்கிச் செய்கிற வேலை.

ஆனால் மச்சான், உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கீலைப் பற்றி இல்லை. கதவைச் சுற்றி ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு நம் ஊர் ஈரக்காற்றில் மக்கி, கறுப்புப் பிசின் மாதிரி ஆகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லீவரிலிருந்து கதவுக்குப் போகிற கேபிளுக்குள் இருந்த கம்பியும் துரு. கதவு வரமாட்டேன் என்றது, நான் வலுக்கட்டாயமாக இழுத்தேன், கீல் பாவம் நடுவில் மாட்டிக்கொண்டது. இதைச் சரிசெய்யாமல் கீலை மட்டும் எத்தனை தடவை மாற்றினாலும் உடையத்தான் செய்யும். பிசினை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுக்கவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கேபிளை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, மேல்முனையில் பாலிதீன் கவரைக் கூம்பு மாதிரி கட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். விடியற்காலையில் கீழே வைத்த கிண்ணத்தில் செங்கல் நிறத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது.

புது ஸ்பாஞ்சு ஒட்டுவதிலும் ஒரு தப்பு செய்தேன். தடிமனாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று 6 மில்லிமீட்டர் ரப்பர் ஸ்பாஞ்சு ஒட்டினேன், கதவு மூடாமல் ஸ்போக்கையே வளைக்கப் பார்த்தது. அதைப் பிரித்து 3 மில்லிமீட்டர் ஒட்டியதும் ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது. மூடின சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த நிமிஷம் அப்பா பக்கத்து சீட்டில் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

உன் பத்மினி காரில் ஏதோ ஒரு லீவர் இறுகியிருப்பதாக எழுதியிருந்தாயே, அதைத் தயவுசெய்து இழுக்காதே. முதலில் கேபிளைக் கழற்று, கதவைக் கையால் அசைத்துப் பார், எது இறுகியிருக்கிறது என்று தெரிந்தபிறகு எனக்கு எழுது. பொங்கலுக்கு வருகிறாய் இல்லையா? ஸ்போக் நாலு மீதி இருக்கிறது, பித்தளை புஷ்ஷும் உனக்காக ஒரு ஜோடி சேர்த்தே கடைந்து வைத்திருக்கிறேன். பழைய கேபிளையும் கையோடு எடுத்துவா, ஜன்னலில் தொங்கவிடுவோம்.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டை மச்சான்