கோரிக்கை மனு: தாளவாடி மலையில் சிறு வன மகசூலை ஏலம் விடாமல் கிராம சபைகளிடம் ஒப்படைக்கக் கோருதல்

அனுப்புநர்
வன உரிமைக் குழு உறுப்பினர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
தாளவாடி வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு,
ஈரோடு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தாளவாடி மலையில் வாழும் சோளகர், ஊராளிக் குடும்பங்களின் சார்பில் இந்த மனுவை அளிக்கிறோம். மானாவாரி ராகியும் கூலி வேலையும் போக எங்களுக்குக் கையில் காசு வருவது காட்டிலிருந்துதான். கார்த்திகை தொடங்கி நெல்லிக்காய், அப்புறம் கடுக்காய், பூச்சக்காய் (பூந்திக்கொட்டை), சீமாறு, புளி, கோடையில் தேன். இவைதான் சிறு வன மகசூல். வன உரிமை கேட்டுத் தங்கள் மேசைக்கு எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். உரிமையைப் பற்றி இதிலும் சொல்லியிருக்கிறோம். ஆனால் முக்கியமாக நாங்கள் பேச வந்தது வரவு செலவைப் பற்றி. காட்டின் விளைச்சலை எப்படி எடுத்தால் யாருக்கு எவ்வளவு மிஞ்சும், காட்டுக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கு அது.

இப்போதைய வழக்கம் வனத்துறை விடும் ஒரு வருட ஏலம். அதிகத் தொகை கேட்டவருக்கு அந்த வருட மகசூல் முழுவதும் போகிறது. அவர் கட்டிய பணத்தை அதே சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் ஏலம் யாருக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் மரத்தைப் பார்த்து நடந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. வாடகை வீட்டுக்கு யாரும் கைக்காசு போட்டு ஓடு மாற்றுவதில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏலத்தின் அமைப்பே அவரை அப்படி நடக்கவைக்கிறது.

அவருக்குக் கீழ் கூலிக்குப் பறிக்கும் எங்கள் ஆட்களின் நிலையும் அதுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் சீக்கிரம் பறிப்பவருக்கே லாபம். நெல்லி மரத்தில் காய் மெல்லிய கிளைகளில் ஒட்டிக் காய்க்கும். ஏறி உட்கார்ந்து கையால் உருவினால் ஒரு மரத்துக்கே வெகுநேரம் ஆகும். கிளையை அரிவாளால் தட்டிக் கீழே தள்ளினால் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே உருவிவிடலாம். நான் தட்டாவிட்டால் நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரர் தட்டப்போகிறார் என்ற நினைப்பு வந்துவிட்டால் யார் கையும் நிற்காது. காய் முற்றும் முன்பே பறிப்பதும் இதனால்தான். பிஞ்சாகப் பறித்த நெல்லியைக் காயவைத்தால் சதையே தேறாது. வியாபாரி அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

கணக்குக்காக ஒரு மரத்தில் 40 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். கிளையை வெட்டினால் இந்த வருடம் 40 கிலோவும் கிடைக்கும். அந்த மரம் தேறிவரும் வரை அடுத்த 4 வருடமும் 10 கிலோ வீதம் கொடுத்தால் 5 வருடத்தில் மொத்தம் 80 கிலோ. மாறாக, கைக்கு எட்டும் காயை மட்டும் எடுத்துக்கொண்டு மானுக்கும் முளைப்புக்கும் 15 கிலோவை மரத்திலேயே விட்டால் வருடத்துக்கு 25 கிலோ. 5 வருடத்தில் 125 கிலோ. எண்கள் மரத்துக்கு மரம் மாறும், ஆனால் கணக்கு போகும் திசை மாறாது. இதில் 80ஐத் தேர்ந்தெடுப்பது ஒரு வருடக் குத்தகைதாரருக்குப் புத்திசாலித்தனம். 5 வருடம் கழித்தும் அதே மரத்தடிக்கு வரப்போகிற எங்களுக்கு 125தான் புத்திசாலித்தனம். மானுக்கு விடுவதை நாங்கள் தர்மமாகச் சொல்லவில்லை. புள்ளிமானும் கடமானும் நெல்லியைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்புகின்றன. அடுத்த தலைமுறை நெல்லி அப்படித்தான் முளைக்கிறது.

இன்னொரு செலவு யார் கணக்கிலும் வருவதில்லை. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது. முற்றினால் மரமே பட்டுப்போகும். காய் பறிக்க ஏறும்போதே அதைக் கழித்துவிட்டால் போதும், தனியாக ஆள் வைக்க வேண்டாம். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர் இதற்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்? பலன் அடுத்தடுத்த வருடங்களில்தானே வரும். அதனால் புல்லுருவி அப்படியே நிற்கிறது.

தேனிலும் இதே கதைதான். மலைத்தேனீ கட்டும் பெரிய அடையில் தேன் இருக்கும் பகுதி ஒரு பக்கம் தடித்திருக்கும். புழு இருக்கும் பகுதி தனி. பெரியவர்கள் தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு புழு அடையை விட்டுவிடுவார்கள். பூக்கள் இருக்கும்வரை ஈ மறுபடி தேன் வைக்கும். அவசரத்தில் அடையை முழுதாக அறுத்துக் கையால் பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து, தேன் சீக்கிரம் புளித்துப்போகிறது. அப்போது கூட்டுக்கும் நஷ்டம், விலைக்கும் நஷ்டம். மத்திய அரசு 2020இல் சிறு வன மகசூலுக்குத் திருத்தி அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையில் காட்டுத்தேன் கிலோ 225 ரூபாய், கொட்டையோடு புளி 36 ரூபாய். அந்த விலை எங்கள் மலையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற யாருக்கும் கிடைத்ததில்லை. முன்பணம் வாங்கிய கடனுக்குத்தான் காய் போகிறது.

சரி, அப்படியானால் ஒன்றும் எடுக்காமல் காட்டைப் பூட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமான பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. பூட்டுவதற்கும் செலவு உண்டு. மலை முழுக்க உண்ணிச்செடி அடைத்துக் கிடப்பதைத் தாங்கள் காரில் வரும்போதே பார்க்கலாம். அது அடைத்த இடத்தில் புல் இல்லை, நெல்லிக் கன்று இல்லை, மானும் வராது. அதை வேரோடு எடுக்க அரசு தனியாக நிதி ஒதுக்கி ஆள் விடவேண்டியிருக்கிறது. எடுத்த இடத்தைத் தொடர்ந்து கவனிக்காவிட்டால் இரண்டு மழையில் மறுபடி வந்துவிடும். தினமும் அந்த வழியாக நடக்கிற மனிதர்கள் இருந்தால் அந்தக் கவனிப்புக்குப் பெரிய செலவில்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் மலை மாதேஸ்வரன் மலையில் எங்கள் சோளகர் சொந்தங்கள் உண்ணிச்செடிக் குச்சியில் நாற்காலியும் கூடையும் முடைந்து விற்கிறார்கள்.

சந்தனத்தையும் நினைத்துப் பார்க்கக் கேட்கிறோம். மரம் முழுக்க அரசுக்கு, மலையில் இருப்பவனுக்குப் பங்கு எதுவும் இல்லை என்ற ஏற்பாட்டில்தான் இந்த மலையின் சந்தனம் காணாமல் போனது. காவலுக்கு அரசு செலவு செய்தது. வீரப்பன் காலத்தில் காட்டுக்குள் போனாலே எங்கள்மீது சந்தேகம் வந்தது. மரத்தைக் காப்பதால் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காதவனைக் காவல்காரனாக எதிர்பார்த்த கணக்கு அது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 3(1)(சி) சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் எங்களுக்கு உடைமை உரிமை தருகிறது. பிரிவு 3(1)(ஐ) சமூக வன வளத்தை, அதாவது ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் பொதுக் காட்டை, பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. 2012இல் திருத்திய விதிகளின்படி சேகரிப்புக்கு உரிமத்தொகையோ வேறு கட்டணமோ வாங்கக் கூடாது. எடுத்துச்செல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே தரலாம். புலிகள் காப்பகம் என்பதால் இது பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகமானது. அதே வருடக் கடைசியில் அங்குள்ள சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா கிராம சபை 2011இல் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கி மூங்கிலைத் தானே விற்றது. முன்பு கூலிக்கு மூங்கில் வெட்டிய ஊர், பிறகு எவ்வளவு வெட்டலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதைத் தானே முடிவு செய்தது.

கிராம சபையிடம் கொடுத்தால் ஊர்க்காரர்களும் பேராசைப்பட மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. படலாம். அதனால்தான் எங்கள் தீர்மானத்தில் காய் முற்றியதா என்று பார்த்துக் குழு நாள் குறித்த பிறகே பறிப்பது, கிளை வெட்டினால் அந்தக் குடும்பத்துக்கு அந்த சீசன் பறிப்பு இல்லை, சீமாறு ஈச்சையில் குருத்தைத் தொடாமல் ஓலை அறுப்பது என்று எழுதியிருக்கிறோம். வனத்துறையும் எங்கள் இளைஞர்களும் சேர்ந்து வருடம் ஒருமுறை நெல்லி மரங்களை எண்ணிப் பதிவு செய்யட்டும். எண்ணிக்கை குறைந்தால் பறிப்பதைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, எங்கள் கிராம சபை எல்லைக்குள், அடுத்த நெல்லி சீசனிலிருந்து சிறு வன மகசூலை ஏலம் விடவேண்டாம் என்று வனத்துறைக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம். சி படிவத்தில் நாங்கள் கொடுத்துள்ள சமூக வன வளக் கோரிக்கையை மாவட்ட அளவிலான குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொண்டு பட்டயம் வழங்க வேண்டுகிறோம். கிராம சபைக் குழு தரும் அனுமதிச் சீட்டைத் திம்பம் மலைப்பாதையிலும் மற்ற சோதனைச்சாவடிகளிலும் ஏற்றுக்கொள்ள எழுத்தில் உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் உரிமை காகிதத்தில் இருக்கும், காய் லாரியில் அழுகும்.

காயவைக்க ஒரு சிமெண்ட் களமும் மழைக்கு ஒதுங்க ஒரு கிடங்கும் ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்யும் ஏற்பாடும் கிடைத்தால் முன்பணக் கடனிலிருந்து வெளியே வந்துவிடுவோம். உண்ணிச்செடி அகற்றும் வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் கிராம சபை மூலம் செய்ய அனுமதித்தால், எடுத்த இடத்தைப் பிறகு கவனிக்கும் பொறுப்பையும் நாங்களே ஏற்கிறோம். நெல்லி ஏலத்துக்கான பேச்சு வழக்கமாக ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவதால், அதற்கு முன் உத்தரவு கிடைத்தால்தான் இந்த வருட மரங்களுக்குப் பயன்படும்.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், சி படிவ நகல், பெரியவர்களோடு நடந்து வரைந்த எல்லை வரைபடம், பறிப்பு விதிமுறைகள்.

இப்படிக்கு,
வன உரிமைக் குழு உறுப்பினர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையெழுத்தும் கைரேகைகளும் தனித்தாளில்)

நகல்: மாவட்ட வன அலுவலர், மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலர்