கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது மருமகன், நத்தைகள் என்ன சாப்பிடுகின்றன?

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லடி வீட்டில் நீ வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியின் படங்களைப் பார்த்தேன். கண்ணாடியில் பொட்டுப் பாசி இல்லை. பாறைகூடத் தேய்த்துக் கழுவியதுபோல இருக்கிறது. பாராட்டு வாங்கத்தான் அனுப்பியிருக்கிறாய், தெரியும். ஆனால் என் கண் போனது மூலையில் மணலில் மல்லாந்து கிடந்த, பாசி தின்னும் டர்போ நத்தையின் மேல்.

அது பட்டினி கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. டர்போ பெருந்தீனிக்காரன். புதுத் தொட்டியில் முதலில் மண்ணிறமாகப் படரும், பிறகு பச்சைப் பாசி பிடிக்கும். அதைக் கண்டு பயந்து கடைக்காரர் சொல்லும் கணக்குக்கு நத்தைகளை வாங்கிப் போட்டுவிடுகிறோம். அவையும் சொன்ன வேலையை ஒழுங்காக முடித்துவிடும். அப்புறம்? கடலில் என்றால் அடுத்த பாறைக்கு ஊர்ந்து போகும். இங்கே நாலு பக்கமும் கண்ணாடி.

வயிறு நிறைந்த நத்தை கண்ணாடியை இறுகப் பற்றியிருக்கும், இழுத்தால் லேசில் வராது. பட்டினி கிடப்பது அடிக்கடி விழும், விழுந்தால் நிமிர முடியாது, தொட்டாலும் மெதுவாகத்தான் உள்ளே இழுக்கும். ஆனால் உப்பு சட்டென்று குறைந்தாலும் இதே கோலம்தான். நீ கடற்கரையில் கேனில் நீர் அள்ளுகிறவன். மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி நீர் கடலில் கலக்கும்போது கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும். கண்ணால் பார்த்து நம்பாதே, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார். ஒப்படர்த்தி 1.025-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உப்பு சரியாக இருந்தால் பசியைச் சந்தேகப்படு.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. சுஷி சுற்றுகிற நோரித் தாள், அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், கொழும்பு சுப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கு. தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு கிழித்து, சின்னக் கல்லில் றப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, லைட் அணைத்த பிறகு அடியில் இறக்கு. பகலில் போட்டால் மீன்கள் பிய்த்துத் தின்றுவிடும். நத்தைக்குச் சாப்பாடு இருக்கும் இடம் தெரியாமல் போகலாம், பக்கத்தில் தூக்கி வைத்துவிடு. கொஞ்ச நேரத்தில் பாதம் விரிந்து தாளின் மேல் ஏறும். வாயை அசைத்து அசைத்து அரம்போலச் சுரண்டுவதைக் கிட்டப் போய்ப் பார், தாளின் ஓரம் கரைந்துகொண்டே வரும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடு. அழுக விட்டால் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் ஏறி, விரட்டின பாசியே திரும்பி வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

நோரி இல்லாத நாளில் பாசி வில்லை போடலாம். வாவிக் கரையில் பச்சையாக மிதப்பதை மட்டும் அள்ளி வராதே, எந்தக் கழிவுநீரில் வளர்ந்ததோ.

எல்லாமே பாசி தின்னும் என்றும் எண்ணாதே. மணலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிற நஸாரியஸ் நத்தை பாசிப் பக்கமே போகாது. அதற்கு மாமிச வாடைதான் வேண்டும். இறால் துணுக்கு ஒன்றைப் போட்டால் புதைந்து கிடந்ததெல்லாம் மணலைக் கிளப்பிக்கொண்டு வெளியே வரும். வெற்றுச் சங்குக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டுக்கு இரண்டும் ஆகும், பசித்தால் நத்தையையே பிடித்துத் தின்னும். அதன் ஓட்டுக்காகவும் கொல்லும். அதனால் வெற்றுச் சங்குகள் சிலதைத் தொட்டியில் போட்டு வை.

செத்த நத்தையைக் கிடக்க விடாதே, அமோனியா ஏறிவிடும். சந்தேகமாக இருந்தால் எடுத்து முகர்ந்து பார். அந்த நாற்றத்துக்குப் பிறகு கேள்வியே வராது.

என்னைக் கேட்டால் உன் தொட்டிக்கு நத்தைகள் அதிகம். பாதியை வேறு தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிடு. கடையில் வாங்கியதைக் கடலில் விடாதே, எந்த நாட்டு உயிரினமோ, என்ன நோயோ. குறைகிறதே என்று காயான்கேணிப் பக்கம் போய்ப் பொறுக்கவும் வேண்டாம், அது 2019-இல் இருந்து கடல்சார் சரணாலயம்.

நோரி இங்கே கல்முனையில் என்னிடம் ஒரு பக்கற் இருக்கிறது, ஞாயிறு வரும்போது கொண்டு வருகிறேன். அதற்கு முன் உப்பு அளவைப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா