அரை நியூத்திரன் உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் எனது பேத்திக்கு மாலை வகுப்பொன்றில் வழங்கப்பட்ட மாதிரி விடைத்தாளில், 35.5 இலிருந்து 17 ஐக் கழித்து, குளோரீன் அணுவில் 18.5 நியூத்திரன்கள் உள்ளன என்று அச்சிடப்பட்டிருந்தது. பிள்ளை அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு மனனமும் செய்திருந்தாள்.

கருவினுள் அரை நியூத்திரன் இருக்க முடியாது. ஆவர்த்தன அட்டவணையில் காணும் 35.5 தனியோர் அணுவின் திணிவெண் (புரோத்தன்கள், நியூத்திரன்களின் கூட்டுத்தொகை) அன்று; இயற்கையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காக உள்ள குளோரீன்-35, எஞ்சிய பங்கான குளோரீன்-37 ஆகிய இரு சமதானிகளின் (ஒரே மூலகத்தின் வேறுபட்ட திணிவெண் கொண்ட அணுக்களின்) அளவுவிகிதத்தைக் கருத்திற்கொண்டு பெறப்படும் சராசரியே அது. இரண்டிலும் புரோத்தன்கள் 17 தான். நியூத்திரன்களோ முன்னையதில் 18, பின்னையதில் 20.

அதே தாளில் அயன்களுக்கும் (இலத்திரனை இழந்த அல்லது ஏற்ற அணுக்களுக்கும்) புரோத்தன்களின் எண்ணிக்கையான அணுவெண்ணையே இலத்திரன்களின் எண்ணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள். தேயிலைக்கு இடும் உரக் கலவையில் சேரும் பொற்றாசியம் குளோரைட்டை எடுத்துக்கொள்வோம். 19 புரோத்தன்கள் கொண்ட பொற்றாசியம் ஓர் இலத்திரனை இழக்க, 17 புரோத்தன்கள் கொண்ட குளோரீன் அதனை ஏற்க, ஈற்றில் இரண்டு அயன்களிலும் 18 இலத்திரன்களே இருக்கின்றன. உர மூட்டை சுமப்பவர்களின் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் ஏது?

இத்தகைய தாள்களை அச்சிடுவோர், விடைகளைப் பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே விநியோகிக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.